ரத்து செய்யாத சந்தாவும் திரும்பி வந்த செக்கும்



திருப்பூரில் நெடுங்காலமாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பல்லடம் சாலையில் கடை வைத்திருக்கும் ஒரு சில்லறை வியாபாரி கொடுத்த ரூ.18,400 செக், சில மாதங்களுக்கு முன் போதிய பணம் இல்லை என்று திரும்பி வந்தது. இருபது வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். ஒரு தவணை தவறியதில்லை. இருந்தும், அவருக்குப் போகவேண்டிய அடுத்த லோடை நிறுத்தி வைக்கும்படி கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே ரொக்கத்துடன் வந்து நின்றார். "ஏனுங்கண்ணா, சனிக்கிழமை சம்பள வசூலெல்லாம் கணக்குல போட்டுத்தானுங்க செக் குடுத்தேன். பணம் எங்க போச்சுன்னே தெரியலைங்க" என்றார். பனியன் கம்பெனிகளின் வாரச் சம்பளத்தை நம்பி நடக்கிற கடை. சனி, ஞாயிறு வசூல்தான் திங்கட்கிழமை செக்கைக் காப்பாற்ற வேண்டும்.

வங்கிக் கணக்கை வாங்கிப் பார்த்தோம். பில் போடும் ஒரு ஆப்புக்கு ரூ.5,900 போயிருந்தது. அதாவது ஒரு வருடச் சந்தா ரூ.5,000, ஜி.எஸ்.டி. ரூ.900. போன மாதம் "ஒரு ரூபாய்க்கு ஒரு மாதம் உபயோகித்துப் பாருங்கள்" என்றதை நம்பிச் சேர்ந்திருக்கிறார். பிடிக்கவில்லை, செல்போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டார். அத்துடன் முடிந்தது என்று நினைத்திருக்கிறார்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஆப்பை அழிப்பது கடையின் போர்டைக் கழற்றுவது போலத்தான். பேரேட்டில் கணக்கு அப்படியேதான் இருக்கும். அந்த ஒரு ரூபாய்க்கு அவர் ரகசிய எண்ணைப் போட்டபோதே, "இனி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வங்கிக்கு நிரந்தர உத்தரவும் கொடுத்துவிட்டார். இதற்கு ஆட்டோ பே அல்லது மேண்டேட் என்று பெயர். யு.பி.ஐ.யில் இந்த வசதி 2020 ஜூலையில் வந்தது.

"ரகசிய எண் கேட்காமல் எப்படி எடுக்கலாம்?" என்று கேட்டார். விதி அப்படித்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில், முதல் முறை மட்டும் நம் ஒப்புதல் கட்டாயம். பிறகு ஒவ்வொரு தடவையும் ரூ.15,000 வரை கேட்காமலே எடுக்கலாம். 2022 ஜூன் வரை இந்த வரம்பு ரூ.5,000 ஆக இருந்தது. இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பர் முதல் ரூ.1 லட்சம் வரை.

ஆனால் அதே ஏற்பாட்டில் நமக்குப் பாதுகாப்பும் உண்டு. பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று தகவல் வரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் உத்தரவை ரத்து செய்யும் உரிமையும் நமக்கு உண்டு. இவருக்கும் முதல் நாளே எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. நாற்பது விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் அதை யார் பார்ப்பது?

ஆகவே ஒரு சந்தாவை நிறுத்துவதென்றால் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும்.

முதலாவது, கம்பெனியிடம். அவர்களுடைய ஆப்பிலோ இணையதளத்திலோ சந்தாவை ரத்து செய்து, "ரத்தாகிவிட்டது" என்ற பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, வங்கியில். யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோ பே பகுதிக்குப் போனால் உயிரோடு இருக்கும் உத்தரவுகளின் பட்டியல் தெரியும். வேண்டாததை ரத்து செய்யுங்கள். கார்டில் கொடுத்திருந்தால் கார்டு கொடுத்த வங்கி மூலமும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மேண்டேட் என்றால் கிளையில் கடிதம் கொடுத்தும் நிறுத்த வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்க்கைத் தொட்டு ரத்து செய்யாதீர்கள். அதில் போலிகள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கடன் தவணை, இன்சூரன்ஸ் போன்றவற்றின் உத்தரவைத் தெரியாமல் ரத்து செய்துவிடாதீர்கள். உத்தரவு நின்றாலும் பாக்கி நிற்காது. அபராதம் ஏறும், பாலிசி காலாவதியாகும்.

இன்னொன்று நானே பட்டது. கிளைக் கடையை மூடியபோது, பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். மாதம் ரூ.125 வீதம் 14 மாதம் வாடகை போனது, மொத்தம் ரூ.1,750. என் விஷயத்தில் வாடகையை நம் வசூலிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். ஆட்டோ பே பட்டியலில் அது தெரியவே இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குவதே இதற்கு வழி.

சேருவதைச் சுலபமாக்கி, விலகுவதைக் கஷ்டமாக்குவதை மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சந்தாப் பொறி என்று தடை செய்திருக்கிறது. புகாருக்கு 1915 என்ற எண். வியாபாரத்துக்காக வாங்கியதற்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் நடத்துகிற சிறு கடைக்காரருக்கு விலக்கு உண்டு. ரத்து செய்த பிறகும் பணம் போனால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் அறிய 14448.

நம் நண்பர் கம்பெனிக்கு எழுதினார். பணம் திரும்பவில்லை. அவரே ஒப்புதல் கொடுத்ததால் வங்கியும் கை விரித்துவிட்டது. செக் திரும்பியதற்கான கட்டணம் வேறு. செக் திரும்புவது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு வரை போகக்கூடிய விஷயம். என்னிடம் வந்ததால் பேசித் தீர்ந்தது.

மாதம் முதல் தேதி சரக்கு இருப்பு எடுக்கிறோம். அன்றைக்கே ஐந்து நிமிடம் ஒதுக்கி ஆட்டோ பே பட்டியலையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஆப் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வியாபாரிக்கு நாணயம்தான் முதல். யாரோ வைத்த ஒரு ரூபாய்ப் பொறியில் அது போய்விடக் கூடாது.