பிஎம்-வாணி

பிஎம்-வாணி என்பது இந்தியாவில் கட்டணம் குறைந்த பொது வைஃபை இணைப்புகளைக் கண்டறிந்து பயன்படுத்த உதவும் கட்டமைப்பு ஆகும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017 மார்ச்சில் இத்தகைய அமைப்பைப் பரிந்துரைத்தது. 2020 டிசம்பர் 9 அன்று நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அமைப்பு

கடைகளில் இயங்கிய எஸ்டிடி பூத்துகளே இதற்கு முன்மாதிரி. தேநீர்க் கடைக்காரர் ஒருவரும் பொதுத் தரவு நிலையம் அமைத்து, இணைய இணைப்பைச் சிறு அளவுகளில் விற்கலாம். இதற்கு உரிமமோ பதிவோ தேவையில்லை. தொகுப்பாளர்கள் பல நிலையங்களை ஒருங்கிணைத்துக் கணக்கு வைப்பர். செயலி வழங்குநர்கள் நிலையங்களைத் தேடும் செயலியை உருவாக்குவர். இவ்விரு தரப்பினரின் விவரங்களும் சி-டாட் நிறுவனம் பேணும் நடுவண் பதிவேட்டில் இடம்பெறும்.

செயலியின் பணி

கைபேசிக்கு எட்டும் வைஃபை பெயர்களைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, அருகிலுள்ள நிலையங்களைச் செயலி காட்டுகிறது. பயனர் தம் தொலைபேசி எண்ணைச் செயலியில் ஒருமுறை உறுதிசெய்தால் போதும். அதன்பின் எந்தத் தொகுப்பாளரின் நிலையத்திலும் செயலியே மறைகுறியிட்ட அடையாளச் சான்றை அளிக்கும். எனவே கடைக்குக் கடை புதிதாகப் பதிய வேண்டியதில்லை. விற்பனையும் தேடலும் தனித்தனியே இருப்பதால், பயனர் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கவும் வேண்டியதில்லை.

தடைகள்

2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை இடங்களை அமைப்பது தேசிய எண்ணிமத் தொடர்பியல் கொள்கையின் (2018) இலக்கு. இது எட்டப்படவில்லை. நிலையங்கள் குறைவாக இருப்பின் தேடும் செயலியால் பயன் இல்லை. வீட்டு இணைப்பைவிடப் பன்மடங்கு விலையுள்ள வணிக இணைப்பை வாங்க நேர்ந்தது கடைக்காரர்களுக்கு முதன்மைத் தடையாக இருந்தது. இந்நிலையங்களுக்கான கட்டணம், நொடிக்கு 200 மெகாபிட் வரையான இணைப்புகளில், வீட்டுக் கட்டணத்தின் இருமடங்கை மீறக்கூடாது என 2025 ஜூனில் டிராய் ஆணையிட்டது.