மருளுக்கு எமன் தண்ணீர்தான்

விடுமுறைக்கு ஊர் போகும்போது செடிகள் வாடுமே என்று கவலைப்படும் புனே அன்பர்கள், நர்சரியில் ‘ஸ்நேக் பிளான்ட்’ கேட்டு வாங்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது, நம்மூர் மருளுக்கு உறவு. தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும். இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும்.

என் முதல் செடி வறட்சியில் சாகவில்லை. மழைக்காலத்திலும் நான் தினமும் ஊற்றிய நீரில் வேர் அழுகியது. தண்டவாளத்தின் கீழ் நீர் தேங்காதிருக்க ஜல்லி கொட்டியே காலம் கழித்தவன், தொட்டியில் அதை மறந்தேன்!

அழுகாத இலையைத் துண்டாக்கி, மூன்று நாள் காயவைத்து, அடிப்பக்கம் கீழிருக்க மணலில் நட்டேன், பிழைத்தது.

தொட்டியில் துளை அவசியம். பாதி மண், பாதி மணல். கோடையில் பதினைந்து நாளுக்கொரு முறை, குளிரில் மாதமொரு முறை நீர் போதும். மழைக்காலத்தில் விரல்விட்டுப் பார்த்து, உள்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கும்போது, “இதற்கு மட்டும் தண்ணீர் வேண்டாம்” என்று சொல்ல மறவாதீர்கள்.