ஆட்டிசம் உள்ள இளையோரும் உதவி உளவியலாளர்களும்: இங்கிலாந்தில் உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எனப்படும் தேசிய நலவாழ்வுச் சேவையிலும், சிறப்புப் பள்ளிகளிலும், தொண்டு நிறுவனங்களிலும், தனியார் நிலையங்களிலும் உளவியல் உதவி நாடும் ஆட்டிசம் உள்ள இளையோருடன் மிகுதியான நேரம் செலவிடுபவர் பல இடங்களில் முழுத் தகுதி பெற்ற உளவியலாளர் அல்லர். உளவியலில் பட்டம் முடித்துவிட்டு, மூன்றாண்டு முனைவர் பயிற்சியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் உதவி உளவியலாளரே அவர். வகுப்பறையின் ஓர் ஓரத்தில் அமர்ந்து பிள்ளையை உற்றுநோக்குவது, பெற்றோரிடம் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டு எழுதுவது, வினாத்தாள்களுக்கு மதிப்பெண் இடுவது, அன்றாட நிகழ்வுகளைப் படங்களால் காட்டும் கால அட்டவணை செய்து தருவது, பதற்றத்தைக் கையாளக் கற்றுத்தரும் குழு அமர்வுகளை நடத்துவது ஆகியவை பெரும்பாலும் இவர் கையில் இருக்கின்றன. இளையவருக்கு மிக அருகில் இருப்பவரும் அதிகாரத்தில் மிகக் குறைந்தவரும் ஒருவராகவே அமைந்துவிடுவதால், இவ்வேலையின் எல்லைகள் எவை என்பதைப் பணியாளரும் குடும்பமும் சேர்ந்தே அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது பதவிப்பெயர். 2009 ஜூலை முதல் உளவியலாளர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, இன்று எச்.சி.பி.சி. என்று அழைக்கப்படும் மன்றத்திடம் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர், கல்வி உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் உள்ளிட்ட சில பெயர்களை அம்மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே சூட்டிக்கொள்ளலாம் என்றும், பதிவின்றிப் பிறரை ஏமாற்றும் நோக்குடன் சூட்டிக்கொள்வது குற்றம் என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் 'உளவியலாளர்' என்ற தனிச்சொல் இந்தப் பட்டியலில் இல்லை. 'உதவி உளவியலாளர்' என்பதும் இல்லை. எனவே உதவி உளவியலாளருக்குத் தனிப் பதிவேடு கிடையாது, அவரை நேரடியாக விசாரிக்கும் தொழில்மன்றமும் கிடையாது. அவருடைய பணி பாதுகாப்பானதாக இருப்பதற்கு அடிப்படையான உறுதி ஒன்றுதான்: பதிவு பெற்ற உளவியலாளர் ஒருவர் அவருக்கு முறையான மேற்பார்வை அளித்து, அவருடைய பணிக்குப் பொறுப்பேற்பது.

மேற்பார்வை என்பதை வேலை சரியாக நடக்கிறதா என்று மேலதிகாரி சரிபார்க்கும் கூட்டமாகப் பலர் எண்ணுகின்றனர். உளவியல் தொழிலில் அதன் பொருள் வேறு: குறித்த இடைவெளியில், வழக்கமாக வாரம் ஒரு முறை, ஒவ்வொரு இளையவரைப் பற்றியும் என்ன காணப்பட்டது, என்ன புரிந்துகொள்ளப்பட்டது, அடுத்து என்ன செய்யலாம் என்று தகுதி பெற்ற ஒருவரோடு அமர்ந்து ஆராய்வதே அது. இது பணியாளரின் நன்மைக்காக மட்டும் ஏற்பட்ட ஏற்பாடன்று. எதிரே அமர்ந்திருக்கும் இளையவருக்கு உரிய பாதுகாப்பும் ஆகும். ஆகவே "உங்களை மேற்பார்வையிடுபவர் யார், அவருடைய பதிவு எண் என்ன?" என்று பெற்றோரோ இளையவரோ கேட்பது அவமதிப்பாகாது. எச்.சி.பி.சி.யின் பதிவேடு இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது.

இந்த எல்லை மீறப்படுவது பெரும்பாலும் தீய எண்ணத்தால் அன்று, நெருக்கடியால். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம், பரிந்துரை வந்த மூன்று மாதத்துக்குள் ஆட்டிசம் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்று 2011-இலேயே சிறார் தொடர்பான வழிகாட்டுதலில் கூறியிருந்தும், பல பகுதிகளில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வரிசை நீளும்போது ஏடாஸ் போன்ற உற்றுநோக்கல் சோதனைகளைப் போதிய பயிற்சியின்றி நடத்தச் சொல்வதும், அறிக்கையை மேற்பார்வையாளர் படிக்காமலே கையெழுத்திடுவதும் நிகழக்கூடும். ஆட்டிசம் உண்டா இல்லையா என்ற முடிவு பல்துறைக் குழுவின் முடிவாக இருக்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல். சோதனையில் கிடைத்த மதிப்பெண் அம்முடிவுக்குரிய சான்றுகளில் ஒன்றே தவிர முடிவாகாது.

உதவி உளவியலாளர் எழுதும் குறிப்புகள் எவ்வளவு தூரம் பயணம் செய்கின்றன என்பதை எழுதுபவரே பல நேரம் அறிவதில்லை. "அமர்வில் ஒத்துழைக்க மறுத்தார், கண் பார்த்துப் பேசவில்லை" என்ற ஒரு வரி, மருத்துவக் கோப்பிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து உள்ளாட்சி மன்றத்துக்கும், அங்கிருந்து சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்கும் போய், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் குணச்சித்திரமாகவே நிலைத்துவிடக்கூடும். அதே அமர்வில் மேலே இருந்த குழல்விளக்கு விடாமல் இரைந்துகொண்டிருந்தது, வழக்கமான அறை அன்று கிடைக்காமல் வேறு அறைக்கு மாற்றப்பட்டது, உணவு இடைவேளையின் கூச்சலிலிருந்து நேரே அழைத்து வரப்பட்டது ஆகியவை எழுதப்பட்டிருந்தால், படிப்பவர் வந்துசேரும் முடிவே மாறியிருக்கும். நல்ல குறிப்பு கண்டதைக் கண்டபடி நேரம், இடம், சூழல் ஆகியவற்றோடு பதிகிறது, 'மறுத்தார்' என்ற தீர்ப்புக்குப் பதிலாக "கேள்வி கேட்டதும் மேசையின் விளிம்பைத் தடவியபடி இரண்டு நிமிடம் பேசாதிருந்தார், கேள்வியை எழுதிக் காட்டியபோது எழுத்தில் பதிலளித்தார்" என்று சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் உடனே செய்யத்தக்கது ஒன்றைக் கற்றுக்கொள்கிறார். முதல் வாக்கியம் பிள்ளையைக் குற்றவாளியாக்குவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை.

இதைவிடப் பரவலான தீங்கு விளைவிப்பது, "பள்ளியில் சிக்கல் எதுவும் காணப்படவில்லை" என்ற வரி. தம் இயல்பை மறைத்துப் பிறரைப் போல் நடந்துகொள்ள முயல்வதை மாஸ்கிங் என்பர். பெண்பிள்ளைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. பகல் முழுதும் அப்படி மறைத்துவிட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் உடைந்து அழும் பிள்ளையின் தாய் மிகைப்படுத்துவதாகச் சந்தேகிக்கப்படுவது உண்டு. ஒரு மணி நேர வகுப்பறை உற்றுநோக்கல் அந்த ஒரு மணி நேரத்துக்கே சான்று என்பதை அறிக்கையில் எழுதுவது உதவி உளவியலாளரின் கடமை; அப்படி எழுதப்படாதபோது அதைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கோருவது குடும்பத்தின் உரிமை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தம்மைப் பற்றிய பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் அது வழங்கப்பட வேண்டும். பிழையான தகவலைத் திருத்தவும் கோரலாம்.

அறிக்கை சென்று சேரும் இடங்களுள் முதன்மையானது, கல்வி, நலம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே வகுத்து 25 வயது வரை தொடரக்கூடிய இ.எச்.சி. திட்டம். 2014-ஆம் ஆண்டின் சிறார் மற்றும் குடும்பங்கள் சட்டம் இதற்கு அடிப்படை. மதிப்பீடு செய்யுமாறு பெற்றோரோ இளையவரோ தாமே கோரலாம்; ஆறு வாரத்துக்குள் உள்ளாட்சி மன்றம் பதிலளிக்க வேண்டும்; இறுதித் திட்டம் வரை மொத்தம் 20 வாரமே காலவரம்பு. இந்த மதிப்பீட்டுக்கான உளவியல் ஆலோசனையைக் கல்வி உளவியலாளரிடமிருந்தே பெற வேண்டும் என்று விதி உள்ளதால், உதவி உளவியலாளரின் குறிப்பு அதற்குத் துணையாகலாமே தவிர ஈடாகாது. வழங்கப்படும் உதவியின் சொல்லமைப்பிலும் கவனம் தேவை: "தேவைக்கேற்ப உளவியல் ஆதரவு கிடைக்க வாய்ப்பளிக்கப்படும்" என்று எழுதினால் எவரையும் எதற்கும் கட்டுப்படுத்த முடியாது, வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், என்ன பயிற்சி பெற்றவரால் என்று எழுதினால், திட்டத்தில் உள்ள சிறப்புக் கல்வி உதவியை வழங்கியே தீர வேண்டிய சட்டக் கடமை மன்றத்தின் மீது விழுகிறது.

உயிர் தொடர்பான ஆபத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ஆஸ்பெர்கர் என்று அப்போது வகைப்படுத்தப்பட்ட, வயது வந்தோராகிய 374 பேரை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2014-இல் லான்செட் குழுமத்தின் மனநல இதழில் வெளியான ஆய்வில், மூவரில் இருவர் தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததாகக் கூறியிருந்தனர். ஆட்டிசம் உள்ள இளையோர் பலர் சொல்லை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கின்றனர், "உன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்ற வினாத்தாள் கேள்விக்கு, சாக வேண்டும் என்று எண்ணுகிற, ஆனால் காயத்தை விரும்பாத ஒருவர் "இல்லை" என்று நேர்மையாகவே பதிலளிக்கக்கூடும். முகத்தில் துயரம் தெரியாததும் குரல் தட்டையாக இருப்பதும் ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகா. இத்தகைய செய்தி அமர்வில் வெளிப்பட்டால், அதை அடுத்த வார மேற்பார்வைக் கூட்டம் வரை உதவி உளவியலாளர் தம்மிடமே வைத்திருக்கக் கூடாது. அன்றே, கட்டடத்தை விட்டு வெளியேறும் முன்பே, பொறுப்பான மருத்துவரிடமோ மேற்பார்வையாளரிடமோ சொல்ல வேண்டும். அப்படி அழைக்க ஒருவரும் கிடைக்காத பணியிடம் பாதுகாப்பற்ற பணியிடமே. குடும்பங்கள் நெருக்கடியில் 111 என்ற எண்ணை அழைத்து மனநலப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம்; உயிராபத்தில் 999-ஐ அழைக்கலாம்.

சொல்வதை இரகசியமாக வைத்துக்கொள்வதற்கு எல்லை உண்டு என்பதும், ஆபத்து இருந்தால் பிறரிடம் சொல்ல நேரும் என்பதும் முதல் அமர்விலேயே எளிய சொற்களில், முடிந்தால் எழுத்திலும், விளக்கப்பட வேண்டும். ஒப்புதல் பற்றிய சட்டம் வயதைப் பொறுத்தது. 16 வயது நிறைந்தவருக்குத் தாமே முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற முன்னெண்ணத்தோடுதான் 2005-ஆம் ஆண்டின் உளத்திறன் சட்டம் தொடங்குகிறது. அதற்குக் கீழ் வயதினர், முன்வைக்கப்படும் உதவியின் தன்மையையும் விளைவையும் நன்கு புரிந்துகொண்டால் தாமே ஒப்புதல் அளிக்கலாம் என்பது 1985-இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பிலிருந்து வந்த கோட்பாடு. பேசாதவர் என்பதற்காகவோ ஆட்டிசம் உள்ளவர் என்பதற்காகவோ ஒருவரைத் திறனற்றவராகக் கருதுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இலண்டனின் ஹரோ, ஈஸ்ட்ஹாம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இரண்டு செய்திகள் தனியே தேவைப்படுகின்றன. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு என்.எச்.எஸ். சேவைகளில் மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றி ஏற்பாடு செய்யப்பட வேண்டும். வளர்ச்சி வரலாறு போன்ற நுட்பமான உரையாடலில் மூத்த அக்காவையோ தம்பியையோ மொழிபெயர்க்கச் சொல்வது அப்பிள்ளைக்கும் பாரம், மதிப்பீட்டுக்கும் கேடு. அடுத்து, ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், தமிழை நிறுத்திவிடுங்கள் என்ற அறிவுரை இன்றும் வழங்கப்படுகிறது. இருமொழிச் சூழலில் வளர்வது ஆட்டிசம் உள்ள சிறாரின் மொழி வளர்ச்சியைக் கூடுதலாகப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, தமிழை நிறுத்திய வீட்டில் அம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த பேச்சே நின்றுபோகிறது. இவ்வறிவுரைக்கு என்ன சான்று என்று கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

பணியாளரின் நிலையும் பரிவோடு நோக்கத்தக்கது. என்.எச்.எஸ். ஊதிய அமைப்பில் இப்பதவி பெரும்பாலும் நான்காம் அல்லது ஐந்தாம் படிநிலையில், குறுகிய கால ஒப்பந்தத்தில் அமைகிறது. முனைவர் பயிற்சிக்கு அனுபவம் தேவைப்படுவதைப் பயன்படுத்திக்கொண்டு 'கௌரவ' உதவியாளர் என்ற பெயரில் ஊதியமின்றி வேலை வாங்குவதும் உண்டு. தொண்டு நிறுவனங்களிலும் சட்டத்தால் அமைந்த பொது அமைப்புகளிலும் செலவுத்தொகை மட்டும் பெறும் தன்னார்வலருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் விலக்கு உண்டு. இலாபம் ஈட்டும் தனியார் நிலையம் அந்த விலக்கைக் காட்ட முடியாது. அங்கே நேரம் குறித்து, கடமை குறித்து வேலை வாங்கப்படுபவர் ஊதியம் கோரி ஏக்காஸ் என்ற சமரச அமைப்பின் வழியாக வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தை நாடலாம். காலவரம்பு குறுகியதாகையால் தாமதிக்கலாகாது. பணியாளரே ஆட்டிசம் உள்ளவராக இருப்பது அரிதன்று. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அவருக்கும் அமைதியான அறை, எழுத்து வழி அறிவுறுத்தல் போன்ற நியாயமான மாற்றங்களைக் கோரும் உரிமையைத் தருகிறது. மேற்பார்வை வழங்கப்படாததையோ, தகுதிக்கு மீறிய பணி சுமத்தப்படுவதையோ நல்ல சான்றுரை கிடைக்காதே என்ற அச்சத்தால் பலர் சொல்லாமல் விடுகின்றனர். எழுத்தில் மேற்பார்வையாளருக்கும், பிறகு துறைத் தலைவருக்கும் தெரிவிப்பது முதல் படி, என்.எச்.எஸ். நிறுவனங்களில் தயக்கமின்றிப் பேச உதவும் தனி அலுவலர் உண்டு. பொதுநலன் கருதி உண்மையை வெளிப்படுத்துபவரைப் பழிவாங்குவதை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

குடும்பத்தின் முறையீடு, நிகழ்வு நடந்த அல்லது தெரியவந்த 12 மாதத்துக்குள் சேவை வழங்கிய என்.எச்.எஸ். நிறுவனத்திடம் தொடங்குகிறது; அங்கே நிறைவான பதில் கிடைக்காவிட்டால் நாடாளுமன்ற மற்றும் நலவாழ்வுச் சேவைக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். உதவி உளவியலாளரின் பணியைக் கவனியாது விட்ட பதிவுபெற்ற உளவியலாளர் மீது எச்.சி.பி.சி.யிடம் முறையிட முடியும். இ.எச்.சி. திட்டம் மறுக்கப்பட்டால் முடிவுக் கடிதத்திலிருந்து இரண்டு மாதமோ, சமரசச் சான்றிதழிலிருந்து ஒரு மாதமோ, எது பிந்தியதோ அதற்குள் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டாயக் கல்வி வயதைக் கடந்தபின் இந்த உரிமை பெற்றோரிடமிருந்து இளையவருக்கே மாறிவிடுகிறது. ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது.

சொந்தப் பணம் கொடுத்துத் தனியார் நிலையத்தில் பெறும் சேவைக்கு இந்தக் குறைகேள் அதிகாரியின் வழி திறவாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, மதிப்பீட்டை நேரில் நடத்துபவர் யார், அறிக்கையில் கையெழுத்திடும் உளவியலாளர் பிள்ளையைச் சந்திப்பாரா, அவர் பெயர் பதிவேட்டில் உள்ளதா, அந்த அறிக்கையை உள்ளூர் மன்றமும் பள்ளியும் ஏற்றுக்கொள்கின்றனவா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆட்டிசத்தைப் போக்குவதாகக் கூறி உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் கீலேஷன் முறையையோ உயரழுத்த ஆக்சிஜன் அறையையோ எவரேனும் பரிந்துரைத்தால், அவை இரண்டையும் பயன்படுத்தவே கூடாது என்று நைஸ் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருப்பதைக் காட்டி அங்கேயே மறுத்துவிடலாம்.