அபயக்குரல் கேட்கும் செய்மதி

சகோதரிகளே, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகு சொன்ன நாளில் திரும்பாவிட்டால், வீட்டில் இருப்பவர்களுக்கு உறக்கம் வராது. கைத்தொலைபேசித் தொடர்பு கரையிலிருந்து சிறிது தூரத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் உதவி கேட்டால், கேட்பது யார்?

வானில் சுற்றும் சில செய்மதிகள் 406 மெகாஹேர்ட்ஸில் வரும் அபாய சமிக்ஞைகளை இரவு பகலாகக் கேட்கின்றன. 'கொஸ்பாஸ்-சார்சாட்' எனும் இத்திட்டத்தைத் தொடங்கியவை அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என்பன. வல்லரசுகள் ஒன்றையொன்று பகைத்திருந்த காலம் அது. எனினும் 1982 செப்டெம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் சமிக்ஞையை சோவியத் செய்மதியே பிடித்துக் கொடுத்தது. மூவர் உயிர் தப்பினர்.

இடத்தை எப்படி அறிகிறது? அம்பியுலன்ஸ் நெருங்கும்போது அதன் ஒலி கீச்சென்றும், கடந்து சென்றதும் தடித்தும் கேட்கிறதல்லவா? செய்மதி கடந்து செல்லும்போது வானொலி அலையும் அவ்வாறே மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறார்கள். ஜி.பி.எஸ். உள்ள கருவியானால் இடத்தைத் தானே அறிவிக்கும். எமது கடற்பகுதிச் செய்தி பெங்களூரிலுள்ள நிலையத்தினூடாக இலங்கையின் மீட்புப் பிரிவினருக்கு வந்து சேரும்.

இந்தச் சேவைக்குக் கட்டணமில்லை. ஆனால் கருவியை விலைகொடுத்து வாங்க வேண்டும். படகுகளுக்கான கருவி தண்ணீரில் மிதந்தபடி குறைந்தது 48 மணித்தியாலம் குரல் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. அதைப் படகின் பெயருடனும் கரையிலுள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கத்துடனும் பதிவு செய்ய வேண்டும். சமிக்ஞை கிடைத்ததும் அந்த இலக்கத்துக்கு அழைத்து விசாரிப்பார்கள். பதிவில்லாவிட்டால் யாருடைய படகு, எத்தனை பேர் என்பதைத் தேடுவதிலேயே நேரம் போகும்.

ஆகவே படகு முதலாளியிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கருவி இருக்கிறதா? அதன் பற்றரி காலாவதியாகவில்லையா? யாருடைய தொலைபேசி இலக்கம் பதிவாகியுள்ளது? "பொம்புளைக்கு ஏன் இந்தக் கதை?" என்று எவரும் சொன்னால் ஒதுங்கிவிடாதீர்கள். அழைப்பு வரும்போது பதில் சொல்லப்போவது நீங்கள்தான். படகின் பெயர், நிறம், ஆட்களின் தொகை, புறப்பட்ட நாள், நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு பயணத்தின்போதும் எழுதி வீட்டில் வையுங்கள். செய்மதி கேட்பது குரலை மட்டுமே. அது யாருடைய குரல் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.