ஒரு கணிப்பொறி, இரண்டு ஆசனங்கள்

நகைக்கடன் மனுக்களில் கடனின் நோக்கம் என்று ஓர் இனம் உண்டு. நெடுங்காலமாக அவ்விடத்தில் உழவு, உரம், மருத்துவம், தறிச் சாமான் முதலிய சொற்களே காணப்பட்டு வந்தன. அண்மையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் வட்டாரத்துச் சங்கங்களைப் பரிசோதிக்கும்போது, "பிள்ளைகளுக்குக் கணிப்பொறி" என்று எழுதப்பட்டிருப்பதையும் அடிக்கடி காண்கிறேன். கல்விக்காகக் கேட்பதில் வியப்பில்லை. ஏற்கெனவே ஒரு கணிப்பொறி உள்ள வீட்டிலிருந்தே இரண்டாவதற்கு மனு வருவதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

இவ்வட்டாரம் இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லாத பூமி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதை நம்மில் பலர் சொந்த நஷ்டமாகவே அறிவோம். 2007இல் டெல் நிறுவனம் இங்கேயே கணிப்பொறிகளைப் பூட்டத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஆயினும், அந்த ஆலைகளுக்குச் சில கல் தொலைவிலுள்ள நெசவாளர் இல்லத்தில், ஒரே கணிப்பொறியின் முன் யார் அமர்வது என்பது அன்றாடப் பூசலாக இருக்கிறது.

அத்தகைய இல்லம் ஒன்றை நான் கண்டேன். மூத்த பையன் ஆலையில் பயிற்சியாளனாக இருந்துகொண்டே மின்னணுவியல் டிப்ளமா படிக்கிறான். இளையவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் மாணவி. பையனுக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் மாலை முழுவதும் இயந்திரம் அவன் வசம். இரவு ஷிப்ட் உள்ள வாரங்களில் பகலில் அவன் உறங்கும் அறையில்தான் இயந்திரமும் இருக்கிறது. "நான் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து செய்து கொள்கிறேன் சார்" என்றாள் அப்பெண். அதைக் குறையாகச் சொல்லவில்லை, வழக்கமாகவே சொன்னாள். தகப்பனார் தம் மனைவியின் வளையல்களை அடகு வைத்து மடிக்கணிப்பொறி ஒன்று வாங்கிவிட எண்ணியிருந்தார்.

வளையல் வீட்டிலேயே தங்கிற்று. இருந்த கணிப்பொறியையே இருவரும் ஒரே சமயத்தில் உபயோகிக்கும்படி அமைத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஆன செலவை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்: பழைய திரை ஒன்று 2,500 ரூபாய், பழைய காட்சி அட்டை 1,800, விசைப்பலகையும் சுட்டியும் 700, அவற்றைச் செருகுவதற்கான யு.எஸ்.பி. கிளைப் பெட்டி 400, 8 ஜி.பி. நினைவகம் 1,100. ஆக 6,500 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும் என்பதை நினைவில் வைக்கவும்.

இது எப்படிச் சாத்தியம்?

கூட்டுக் கிணறு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதனை விளக்குவது எளிது. இரு பங்காளிகளுக்கு ஒரு கிணறு; முறை வைத்து இறைக்கிறார்கள். கணிப்பொறியின் செயலகமும் அவ்வாறே முறை வைத்து வேலை செய்கிறது. ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் ஒருவர் வேலை, அடுத்து மற்றவர் வேலை என்று அது மாறிக்கொண்டே இருப்பதால், இருவருக்கும் கிணறு தமக்கே உரியது போல் தோன்றுகிறது. அன்றியும், நாம் ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தேடுவதற்குள் இயந்திரம் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்து முடிக்க வல்லது. பெரும்பாலான நேரம் அது வேலையின்றி நம் விரலுக்காகக் காத்திருக்கிறது. இக்காலத்துச் செயலகங்களில் நான்கும் அதற்கு மேலும் கோர்கள் இருப்பதால், ஒரே கிணற்றில் நான்கு பம்புகள் பூட்டியது போலவும் ஆகிறது.

காஞ்சி நெசவாளர்கள் கோர்வைத் தறியை நினைக்கக்கூடும். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும் தறியில் நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உதவிக்கு ஒருவர் என இருவர் அமர்வது நமக்குப் பழக்கமானதே. ஆனால் அங்கே இருவரும் நெய்வது ஒரே சேலை. இங்கே ஒரே தறியில் இருவரும் வெவ்வேறு சேலை நெய்கிறார்கள். ஒருவர் அறுத்த இழை மற்றவர் சேலையில் தெரிவதில்லை.

இஃது ஒன்றும் புதிய கற்பனையன்று. கணிப்பொறி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழுவினர் ஓர் இயந்திரத்தைப் பலர் ஒருங்கே பகிரும் முறையைச் செய்து காட்டினர். இயந்திரம் மலிவானபின் ஆளுக்கொன்று என்னும் வழக்கம் வந்தது. மலிவு என்பது யாருக்கு மலிவு என்பதைப் பொறுத்ததாகையால், ஏழை நாடுகளில் பழைய முறை மறையவில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 2008ஆம் ஆண்டையொட்டி 5,000 பள்ளிகளுக்காக வகுத்த திட்டத்தில், 10,000 கணிப்பொறிகளைக் கொண்டு 50,000 ஆசனங்கள் அமைக்கப்பட்டன. ஓர் இயந்திரத்துக்கு ஐந்து ஆசனம். பிரேஸில் நாட்டுப் பள்ளிகளுக்கு 2009இல் அறிவிக்கப்பட்ட திட்டம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசனங்களைக் கொண்டது.

அமைக்கும் விதம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். ஒரே காட்சி அட்டையில் இரு திரைகளை மாட்டிவிட்டால் இரு ஆசனம் ஆகிவிடாது; ஒருவருக்கே இரண்டு திரை கிடைக்கும். சாதாரண முறையில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் தனிக் காட்சி அட்டை வேண்டும். தாய்ப்பலகையிலேயே உள்ள காட்சி வசதி ஓர் ஆசனத்துக்கும், புதிதாகச் செருகும் அட்டை மற்றோர் ஆசனத்துக்கும் ஆகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. புது அட்டையைச் செருகியதும் பல இயந்திரங்கள் உள்ளமைந்த காட்சி வசதியைத் தாமாகவே நிறுத்திவிடும். இயந்திரம் துவங்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் சென்று இரண்டும் வேலை செய்யும்படி மாற்ற வேண்டும். சில இயந்திரங்கள் இதற்கு இடம் கொடா. ஆகவே அட்டைக்குப் பணம் கொடுக்கும் முன் இதனைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

இயக்க மென்பொருளில் லினக்ஸ் வகையே சிக்கனமானது. உபுண்டு, மின்ட், நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் முதலியவை இலவசமாகக் கிடைக்கின்றன. லினக்ஸில் ஆசனங்களைப் பிரிக்கும் ஏற்பாடு உள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்த அட்டை, இந்தக் கிளைப் பெட்டி, அதில் செருகிய விசைப்பலகையும் சுட்டியும் இரண்டாம் ஆசனத்துக்கு உரியவை என்று சில ஆணைகளால் ஒரு முறை எழுதிவிட்டால் போதும். பின்னர் இயந்திரத்தைத் துவக்கும்போது இரு திரைகளிலும் தனித்தனியே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

விண்டோஸ் வைத்திருப்போர் கதை வேறு. வீட்டு உபயோக விண்டோஸில் இருவர் பெயரில் கணக்கு வைக்கலாம். ஆனால் ஒரே சமயத்தில் ஒருவரே அமர்ந்து வேலை செய்ய இடமுண்டு. பள்ளிகளுக்கென்று மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010இல் கொண்டுவந்த மல்டிபாயின்ட் சர்வர் இப்பொழுது கைவிடப்பட்டுவிட்டது. ஆஸ்டர் என்பது போன்ற பிறர் மென்பொருள்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குமுன் விண்டோஸின் உரிம நிபந்தனைகளையும் படித்துக்கொள்ள வேண்டும். உரிமமற்ற பிரதியைச் செருகித் தருவதாகக் கூறும் கடைக்காரரிடம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பாடத்துக்கு லினக்ஸ் ஈடுகொடுக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு சி++, பன்னிரண்டுக்குப் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் உரியவை. மூன்றும் லினக்ஸில் தடையின்றி நடக்கும். இயந்திரவியல் டிப்ளமா மாணவருக்கு ஆட்டோகேட் தேவையாயின் அது லினக்ஸில் நேரடியாக இயங்காது. அன்றியும் அது கனமான வேலை. அத்தகைய பிள்ளை உள்ள இல்லத்துக்கு இம்முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விளையாட்டுக்கும், வீடியோ வெட்டி ஒட்டும் தொழிலுக்கும் இதே பதில்தான்.

2011இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணிப்பொறி பல வீடுகளில் வேகம் குன்றிப் பரண் மேல் கிடக்கிறது. அதை எறிந்துவிட வேண்டாம். புதிய கணிப்பொறியுடன் வடத்தால் இணைத்து, அதன் திரையையும் விசைகளையும் மட்டும் உபயோகித்து, வேலை முழுவதையும் புதிய இயந்திரத்திலேயே நடத்தலாம். இதற்குக் காட்சி அட்டையும் வேண்டா. இருவரும் வேறு வேறு அறையில் அமரலாம் என்பது கூடுதல் அனுகூலம். இரு பிள்ளைகளுக்கு ஒரே வேளையில் இணைய வகுப்பு நடந்தால் ஒரே அறையில் இரு ஆசிரியர் குரல் எழும்பும் என்பதை 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பலரும் அனுபவித்தோம்.

ஆசனம் யாருக்கு?

பணத்தைவிட முக்கியமான ஒரு விஷயத்தை இங்கே கூற வேண்டும். பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா முதலியோர் இந்தியக் கிராமப் பள்ளிகளில் கணிப்பொறி உபயோகத்தை ஆராய்ந்து 2006, 2007ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். ஓர் இயந்திரத்தைச் சுற்றிப் பல குழந்தைகள் அமர்ந்தால் சுட்டி ஒரே குழந்தையின் கையில் நிலைத்துவிடுகிறது. மற்றவர் பார்வையாளராகிவிடுகின்றனர் என்பது அவர்கள் கண்டது. ஆளுக்கொரு சுட்டியும், திரையில் ஆளுக்கொரு வண்ணத்தில் சுட்டுக்குறியும் கொடுத்தபோது எல்லாக் குழந்தைகளும் ஈடுபட்டனர். ஆனால் முந்தியவருக்கே வெற்றி என்று போட்டி வைத்தபோது பையன்கள் கண்டபடி தட்டி, கற்பதைக் குறைத்துக்கொண்டனர். அனைவரும் சரியான விடையைத் தொட்டாலன்றி நகராது என்று விதி வைத்தபோதோ, ஆளுக்கொரு கணிப்பொறி பெற்ற குழந்தைகளுக்கு இணையாகவே சொற்களை நினைவில் வைத்திருந்தனர்.

வீட்டில் இத்தகைய விதியை யாரும் எழுதி வைப்பதில்லை. அங்கே சுட்டி பெரும்பாலும் பையனிடமே நிற்கிறது. நான் கண்ட இல்லத்தில் அப்பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு எழுந்து படித்துப் பழகிய பிள்ளை தேறிவிடும் என்று தகப்பனார் எண்ணியிருக்கலாம். தூக்கம் கெட்டுப் படிப்பதற்கும் மாலையில் நிதானமாக அமர்ந்து பிழை திருத்திப் பார்ப்பதற்கும் உள்ள பேதத்தை அவள் கையேட்டிலேயே கண்டேன்: முன்பு ஒரு பக்கத்தில் பாதி நின்றுபோன பயிற்சிகள், இப்பொழுது முடிவுவரை செல்கின்றன. இரண்டாம் ஆசனத்தைத் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்கிறாள். ஆலை வேலை முடிந்து வரும் அண்ணன் தன் ஆசனத்தில் அமர்கிறான். எழுந்திரு என்று சொல்ல இடமில்லை.

குறைகளும் உண்டு. தட்டு ஒன்று கெட்டால் இருவர் வேலையும் போகும். ஆகவே வாரம் ஒரு முறை பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இயந்திரத்தை நிறுத்தினால் மற்றவர் வேலை பாதியில் நிற்கும். 8 ஜி.பி.க்குக் குறைந்த நினைவகத்தில் இருவர் இணையம் பார்ப்பது மாட்டு வண்டிப் பயணமே. சங்கத்துக் கணக்கை வீட்டில் எழுதும் காரியதரிசிகள் சிலர் உளர். அவர்கள் பிள்ளைகளுடன் பகிரும் இயந்திரத்தில் சங்கக் கணக்கை வைத்தல் கூடாது. தனிக் கடவுச்சொல் இருக்கிறதே என்னும் சமாதானம் தணிக்கையில் நிற்காது.

பழைய சாமான் வாங்க நம்மவர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவது வழக்கம். அலுவலகங்கள் கழித்த சிறு உருவக் கணிப்பொறிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். அவற்றின் பெட்டி ஒடுக்கமாகையால் அரை உயர அட்டையே உள்ளே போகும். மின் வழங்கியும் சிறியது. கணிப்பொறியின் மாதிரிப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போகவும். திரையைக் கடையிலேயே அரை மணி நேரம் எரியவிட்டு, வெண்மையான பின்னணியில் கறுப்புப் புள்ளிகள் உண்டா என்று பார்க்கவும். பழைய திரையில் வி.ஜி.ஏ. வாய் மட்டும் இருந்து, அட்டையில் ஹெச்.டி.எம்.ஐ. வாய் இருக்குமாயின், இடையில் ஒரு மாற்றி வேண்டியிருக்கும். அதையும் அன்றே கேட்டு வாங்கிவிட்டால் இரண்டாம் முறை பஸ் ஏறும் செலவு மிஞ்சும்.