குடாநாட்டின் மின்வலுவும் வாக்குச் சீட்டும்

யாழ்ப்பாணக் குடாநாடு ஆறில்லாத நிலம். மாரி காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறெனக் கொண்டாலன்றி, இங்கு நீரென்பது கிணற்று நீரே. அந்நீரை மேலேற்றுவதற்கு ஒரு காலத்தில் உழவர் துலா மிதித்தனர். பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதன்பின் மின்னியந்திரம் வந்தது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைத்த தோட்டக்காரருக்கு வலு என்பது நீரின் மறுபெயராகவே இருந்து வந்தது. இக்குடாநாட்டில் மின்வலு பற்றிய அரசியல் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய விரும்புவோர் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் தகும்.

காலநிலை மாற்றமும் தூய வலுவும் உலகின் பல நாடுகளிற் சட்டசபைத் தேர்தல்களின் போக்கையே மாற்றியுள்ளன. அவுஸ்திரேலியாவில் 2019ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் குயின்ஸ்லாந்து மாநிலத்து நிலக்கரிச் சுரங்கமொன்று பெரும் வாதப் பொருளாயிற்று. 2022இல் காலநிலைக் கொள்கையை முன்னிறுத்திய சுயேச்சை வேட்பாளர் பலர் நகர்ப்புறத் தொகுதிகளை வென்றனர். அச்சுரங்கத்தை நடத்திய அதானி குழுமமே பின்னர் இலங்கையின் வடபுலத்திற் காற்றாலை நிறுவ வந்தது என்பது கவனித்தற்குரியது. அங்கே கரியின் பெயரால் எதிர்க்கப்பட்ட நிறுவனம் இங்கே காற்றின் பெயராலும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆதலின், தூய வலுவை ஆதரிப்போர் ஒரு பக்கம், எதிர்ப்போர் மறு பக்கம் என்னும் எளிய பிரிவினை குடாநாட்டு நிலைமைக்குப் பொருந்தாது. இங்கு மக்கள் கேட்ட கேள்வி வேறு: நிலம் எவருடையது? நீர் என்னவாகும்? முடிவு செய்பவர் யார்?

இக்கேள்விகளை முதன்முதலாக உரத்து எழுப்பியது சுண்ணாகம். குடாநாடு போர்க்காலத்திலே தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அக்காலத்தும் அதன் பின்னரும் சுண்ணாகத்து எண்ணெய் மின்பிறப்பாக்கிகளே யாழ்ப்பாணத்துக்கு ஒளி தந்தன. ஆனால் அந்நிலையம் நின்ற நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளும் குழிகளும் நிறைந்தது. மேலே விழுந்த மழை விரைந்து கீழிறங்கி நிலத்தடி நீரோடு கலந்துவிடும். மழையை அவ்வாறு ஏற்பதனாலேயே கிணறுகள் ஊறுகின்றன. அதே காரணத்தால், மேலே சிந்தும் எண்ணெயையும் அந்நிலம் தடுப்பதில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர், போராட்டங்கள் நிகழ்ந்தன. வட மாகாண சபை நிபுணர் குழுவொன்றை நியமித்தது. அக்குழுவின் முடிவு மக்களது ஐயத்தைத் தீர்க்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரிலில் அந்நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனமொன்று பாதிக்கப்பட்டோருக்காக இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

சுண்ணாகத்திலே போராடியவர் எவரும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் கிணற்றைப் பற்றியே பேசினர். எனினும் எண்ணெயை எரித்து மின் பெறும் முறையை மாற்ற வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய நியாயம் குடாநாட்டில் வேறு எதுவும் எழுந்ததில்லை. புவி வெப்பமடைதல் பற்றிய அறிக்கைகள் ஆயிரம் சொல்லியும் உணராததை ஒரு வாளித் தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலம் உணர்த்திற்று எனலாம்.

இனி, முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வியை நோக்குதல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளுக்குரிய விடயங்களை ஒரு நிரலில் வகுத்தது. மின்வலு பற்றி அந்நிரலிலே நுணுக்கமான ஒரு பாகுபாடு உண்டு. நீர்மின்வலுவும், தேசிய மின்வலைக்கு ஊட்டப்படும் மின்வலுவும் மாகாணத்துக்கு உரியனவல்ல. அவை ஒழிந்த ஏனைய மின்னுற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் மாகாணத்தினுள்ளே விருத்தி செய்து முகாமை செய்தல் மாகாண சபையின் பாற்படும். ஆகவே, பளையில் நிற்கும் காற்றாடிகள் தேசிய வலைக்கு மின் ஊட்டுவதால் கொழும்பின் அதிகாரத்துள் அடங்குவன. தேசிய வலையோடு இணையாத தீவொன்றிற் காற்றாலும் வெயிலாலும் மின் பிறப்பித்து அத்தீவினுள்ளேயே வழங்கின், அது மாகாணத்தின் பாற்பட்டது என்பதே அந்நிரலின் சொற்களுக்கு நேரிய பொருள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் அத்தகைய தீவுகளே. படகிற் கொண்டு செல்லப்படும் டீசலை எரித்தே அங்கு மின் வழங்கப்பட்டு வந்தது. காற்றும் வெயிலும் அங்குக் குறைவில்லை. வைகாசி தொடங்கி வீசும் சோளகக் காற்றின் வேகத்தைத் தீவுப்பகுதியார் எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எழுவைதீவிற் சிறியதொரு கலப்பு மின்முறைமை முன்னரே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் நிறுவப்பட்டிருந்தது. மற்றை மூன்று தீவுகளுக்குமான வேலையை 2021 சனவரியில் அமைச்சரவை சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்க அனுமதித்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலே சீன நிறுவனம் இடம்பெறுவதை இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாக வேலை இடைநிறுத்தப்பட்டதெனச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச்சில் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் அவ்வேலை பெங்களூர் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

திட்டத்தின் அளவைப் பார்த்தால் இத்துணைப் பெரும் வல்லரசுப் போட்டிக்கு அது காரணமாயிற்றா என வியக்கத் தோன்றும். மூன்று தீவுகளுக்கும் சேர்த்துக் காற்றாற் பெறுவது 530 கிலோவாற்று. வெயிலாற் பெறுவது 1,700 கிலோவாற்று. இவற்றுடன் 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்களும், 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்களும். டீசல் எதற்கெனின், காற்று ஓய்ந்த முகில் நாளில் மின்கலம் வற்றினால் தீவுக்கு வேறு துணையில்லை என்பதே காரணம். பெருவலையிற் கூட வெயிலை மட்டும் நம்பின் இடருண்டு. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை மின் துணைநிலையத்திற் குரங்கொன்று ஏற்படுத்திய கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. மின் தேவை குறைந்திருந்த அந்நேரத்தில் வலையின் பெரும் பங்கைச் சூரிய மின் தாங்கியிருந்தது; சுழலும் பேரியந்திரங்கள் போதியளவு இல்லாமையால் அதிர்ச்சியை வலை தாங்கவில்லை. பழி குரங்கின் மேல் விழுந்தது நாட்டுக்கு நகைச்சுவை ஆயிற்று; ஆயினும் மின்கலச் சேமிப்பின் இன்றியமையாமையை எந்தத் தேர்தல் மேடையும் அந்தக் குரங்கைப் போலத் தெளிவாக விளக்கியதில்லை.

மூன்று தீவுகளின் வரலாற்றிலே இல்லாத ஒருவர் உளர். அவர் தீவின் வாக்காளர். கொழும்பு பேசிற்று, பெய்ஜிங் பேசிற்று, புது தில்லி பேசிற்று. நிரலின்படி பேசவேண்டிய வட மாகாண சபையோ அப்போது இருக்கவேயில்லை. 2013 செப்ரெம்பர் 21இல் தெரிவான அச்சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபருடன் முடிவுற்றது. அதன்பின் ஆளுநர் ஆட்சியே நடந்தது.

2024ஆம் ஆண்டுத் தேர்தல்களில் மின்வலு பெரிய அளவிலே பேசப்பட்டது. மன்னாரில் 250 மெகாவாற்று, யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு அக்கரையில் உள்ள பூநகரியில் 234 மெகாவாற்று என அதானி குழுமம் காற்றாலைகள் நிறுவுவதற்கும், ஓரலகு மின்னை 8.26 அமெரிக்க சதத்துக்கு இருபதாண்டுக் காலம் வாங்குவதற்கும் அவ்வாண்டு மே மாதத்தில் அமைச்சரவை இசைந்தது. போட்டிக் கேள்வி கோரப்படாமை, விலையின் உயர்வு, மன்னார் வழியாக வலசை செல்லும் பறவைகள் ஆகியவற்றைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது, வழக்குகளும் தொடரப்பட்டன. சனாதிபதி வேட்பாளர் அநுர குமார திசாநாயக்க, தாம் வென்றால் அவ்வொப்பந்தத்தை இரத்துச் செய்வதாகத் தேர்தலுக்குச் சில நாட்களின் முன் கூறினார். செப்ரெம்பர் 21இல் அவர் நாட்டில் வென்றார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலோ அவர் பெற்றவை 27,086 வாக்குகளே. நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்குகளைப் பெற்று, ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றது. தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழுவொன்று ஆகியன ஒவ்வோர் ஆசனம் பெற்றன.

காற்றாலைகளே இம்மாற்றத்தை விளைத்தன என்பது மிகைக் கூற்றாகும். பழைய கட்சிகளின் பிளவும், பொருளாதார நெருக்கடிக்குப் பின் மாற்றம் வேண்டிய மனநிலையும் பெரிய காரணங்கள். எனினும் வாக்குறுதியின் பயன் கண்கூடாகத் தெரிந்தது. 2025 சனவரியில் பழைய விலைக்கான அனுமதி மீளப்பெறப்பட்டது. பெப்ரவரியில் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. ஒரு தேர்தலின் வாயிலாக வடபுலத்து மின்திட்டமொன்றின் போக்கு மாறியதற்கு இஃது அரிய எடுத்துக்காட்டு. ஆனால் அம்மாற்றத்தைச் செய்தவர் தெற்கின் பெரும்பான்மை வாக்காளரே. 225 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத்தில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்கள் எப்பக்கம் நின்றிருப்பினும் முடிவு வேறுபட்டிராது.

இதன் குறைபாடு அவ்வாண்டிலேயே மன்னாரில் வெளிப்பட்டது. அதானி சென்ற பின்னும் வேறு காற்றாலை வேலைகள் தீவிலே தொடர்ந்தன. மழை வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பிடி கெடுகிறது என மக்கள் மறித்தனர். ஓகஸ்டில் வேலைகள் ஒரு மாத காலம் நிறுத்திவைக்கப்பட்டன. செப்ரெம்பரிற் பொலிஸ் காவலுடன் மீண்டும் பொருட்கள் கொண்டுசெல்லப்பட்டபோது மோதல் நேர்ந்தது. ஒப்பந்தத்தை இரத்துச் செய்வதாக வாக்களித்த அரசே இப்போது மக்களுக்கு எதிரே நின்றது. இதனை வாக்குத் தவறுதல் என எளிதிற் கூறிவிடலாகாது. 2030ஆம் ஆண்டளவில் மின்னுற்பத்தியில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாக இலங்கை 2021இல் உலக நாடுகளின் முன் உறுதியளித்துள்ளது. அவ்வுறுதியை நிறைவேற்ற வடபுலத்துக் காற்று வேண்டும். நிஷா, புரெவி எனப் புயல்களின் பெயரால் ஆண்டுகளை நினைவுகூரும் மக்களுக்கும், கடல்நீர் கிணற்றிற் புகுமோ என அஞ்சும் தீவுப்பகுதிக்கும் அவ்வுறுதி அந்நியமானதன்று. கொழும்பிலே திட்டத்தின் அளவையும் இடத்தையும் முடித்துவிட்டு, வடக்கிலே சம்மதத்தை மட்டும் கேட்பதே இடர்ப்பாடு.

சம்மதமும் மறுப்பும் பேசப்படும் மன்றமாக மாகாண சபை இருந்திருக்கலாம். சுற்றாடல் பாதுகாப்பும் பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அதன் நிரலில் உண்டு. சுண்ணாக விடயத்தில் அச்சபை தடுமாறியது மெய். ஆயினும் தடுமாறிய சபையை வாக்காளர் அடுத்த தேர்தலிற் கேள்வி கேட்கலாம். இல்லாத சபையை எவ்வாறு கேட்பது? 2025 மே 6ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் மீண்டும் முன்னிலை பெற்றது. ஆனால் பிரதேச சபைகளுக்கு மின்திட்டங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை.

மாகாண சபைத் தேர்தல் தடைப்பட்டதற்குக் காரணம் 2017இற் செய்யப்பட்ட சட்டத் திருத்தம். அது புதிய தொகுதி எல்லைகளை வேண்டிற்று. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டிற் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றேனும் இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். பழைய முறைப்படி தேர்தல் நடத்தப் பாராளுமன்றம் மீண்டும் சட்டம் இயற்றுதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு முடியும்வரை அது நிகழவில்லை.