பத்துக்கு ஒன்று

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சர் லேப்டாப்பில் ஒரு கார்ட்டூன் படம் காட்டினாங்க. பெயர் 'மரங்களை நட்ட மனிதன்'. கனடாவில் பிரடெரிக் பாக் என்பவர் கலர் பென்சிலால் வரைந்து 1987-இல் எடுத்த படம். 30 நிமிஷம்தான். ஆஸ்கர் பரிசும் வாங்கியது.

கதை பிரான்சில் ஒரு மொட்டை மலையில் நடக்குது. மனைவியையும் ஒரே மகனையும் இழந்த ஆடு மேய்ப்பவர், தினமும் ராத்திரி ஓக் மரக் கொட்டைகளில் கீறல் இல்லாத நூறைப் பொறுக்கி வைப்பார். காலையில் இரும்புக் கம்பியால் குழி குத்தி ஒவ்வொன்றாகப் போட்டு மூடுவார். மூன்று வருஷத்தில் 1,00,000 போட்டார். முளைத்தது 20,000. அதிலும் பாதி எலிக்கும் மற்றதுக்கும் போயிடும், 10,000 நிற்கும் என்று அவரே கணக்குச் சொல்றார்!

காடு வளர்ந்ததும் ஒரு வன அதிகாரி வந்து, 'இது தானாக வளர்ந்த காடு, இங்கே நெருப்பு மூட்டாதே' என்று நட்டவரிடமே சொல்வார். வகுப்பே சிரிச்சுது.

மர வேரும் சருகும் மழைத் தண்ணியை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கும். அதனால் வறண்ட ஓடையில் தண்ணி வருது, காலியான ஊருக்குக் குடும்பங்கள் வருது. இது ழான் ஜியோனோ எழுதிய கற்பனைக் கதை என்று டீச்சர் சொன்னதும் எனக்குக் கோபமே வந்துச்சு. நான் நிஜம்னு நினைச்சு அழுதிருந்தேன்.

அன்னைக்கே வீட்டுக்குப் பின்னால் 10 வேப்பங்கொட்டை போட்டேன். இரண்டு முளைச்சுது. ஒன்றை எங்க ஆடே தின்னுடுச்சு. மற்றதுக்கு அம்மா அரிசி கழுவின தண்ணி ஊத்துறாங்க. தம்பி முள் வெட்டி வந்து வேலி கட்டியிருக்கான்.